ஒரே ஒரு காலை சரியாக ஓடிய கடிகாரம்

1

இந்தக் கதை ஓர் இரும்புக் கடையில் பிறந்தது. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "ஸ்டேஷனை இடிக்கப் போறாங்க, தெரியுமில்ல?" என்றார்.

தெரியும். புதிய ரயில் பாதை ஊருக்கு வெளியே போகிறது. அதில் எங்கள் ஊருக்கு நிறுத்தம் கிடையாது. பழைய பாதையில் கடைசி வண்டி போய்விட்டது. தண்டவாளத்தில் துருவேறத் தொடங்கிவிட்டது.

வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். இடிப்பதற்கு முன்னால் ஒரு கூட்டம் வைத்து, ஒரு சின்ன நினைவு மலரும் போட வேண்டும் என்று முடிவாகியிருக்கிறதாம்.

"அதுல ஸ்டேஷன் சரித்திரம் ஒரு பத்துப் பக்கம் வேணும். நீங்கதான் எழுதணும். ஊர்லயே பெரிய எழுத்தாளர் நீங்கதான்."

"ஊர்ல வேற எழுத்தாளரே இல்லையே."

"அதனாலதான் சொல்றேன்," என்றார், கொஞ்சமும் கூசாமல். "ஆனா ஒண்ணும்மா. காதல் கீதல்னு போயிடாதீங்க. என் சம்சாரம் உங்க தொடர்கதையப் படிச்சுட்டு ரெண்டு நாள் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. அந்தக் கதையில வர்ற ஆளு மாதிரி நான் இல்லையாம். சரித்திரம் மட்டும் எழுதுங்க. சரித்திரம்னா யாரும் அழ மாட்டாங்க."

நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அவர் கேட்ட சரித்திரம் அல்ல. அது மூன்றாம் பக்கத்தில் உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் கசிந்ததைத்தான் இங்கே பிடித்து வைத்திருக்கிறேன்.

2

எப்படியெல்லாம் தொடங்கினேன் என்று காட்டிவிடுகிறேன்.

"பசுமை கொஞ்சும் வயல்களுக்கு நடுவே பாம்பு போல் நெளிந்து வரும் தண்டவாளங்கள்—" (வேண்டாம். இப்படித் தொடங்கும் கட்டுரையை நானே புரட்டிவிட்டுப் போய்விடுவேன்.)

"மக்களின் நீண்ட நாள் கோரிக்கையை ஏற்று நம் ஊருக்கு ரயில் நிலையம்—" (பொய். யாரும் கேட்கவில்லை, யாரும் ஏற்கவும் இல்லை.)

உண்மை இதுதான். நீராவி எஞ்சின்களுக்குத் தாகம் எடுக்கும். எங்கள் ஊரில் கோடையிலும் வற்றாத ஒரு கிணறு இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். தொட்டியை நிரப்பும் ஆளுக்கு வெயில் படாமல் ஒரு கொட்டகை போட்டார்கள். எஞ்சின் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் ஊர்க்காரர்கள் மூட்டையோடு வந்து ஏறிக்கொண்டார்கள். ஏறுகிறவர்கள் அதிகமானதும், போனால் போகிறதென்று கொட்டகைக்குச் சுவர் வைத்து, சுவரில் ஊர்ப்பெயரை எழுதினார்கள். ரயில் எங்களுக்காக ஒருநாளும் நின்றதில்லை. தாகத்துக்காக நின்றது.

பிறகு டீசல் எஞ்சின் வந்தது. தாகம் தீர்ந்தது. பெரிய வண்டிகள் ஒவ்வொன்றாக நிற்காமல் போகத் தொடங்கின. மிஞ்சியது காலையில் நகரத்துக்குப் போகும் ஒரு பாசஞ்சர், சாயங்காலம் திரும்பி வரும் அதே பாசஞ்சர். தான் யாருக்கும் தேவையில்லை என்று ஓர் ஊர் புரிந்துகொள்ள எத்தனை வருடம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ஊருக்கு ஒரு தலைமுறை ஆனது.

(இந்தப் பத்தி நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றியது. நன்றாக வந்துவிட்டதாகத் தோன்றினால் நான் எழுந்து போய்த் துணி மடிக்கத் தொடங்கிவிடுவேன். அன்றும் அப்படித்தான். மடிக்கும்போதுதான் கடிகாரத்தை விட்டுவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.)

3

ஸ்டேஷனின் வாசல் சுவரில், தெருவைப் பார்த்து, ஒரு பெரிய வட்டக் கடிகாரம் இருந்தது. அது எப்போதும் பத்து நிமிடம் முன்னால் ஓடும்.

பழுதில்லை. முதன்முதலில் வந்த ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டுமென்றே அப்படி வைத்தாராம். எஞ்சின் தண்ணீர் குடித்து முடித்ததும் கிளம்பிவிடும், ஊர்க்காரர்களோ ஆடி அசைந்து வருகிறவர்கள். கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தால் பதறி ஓடி வருவார்கள் என்று கணக்குப் போட்டார். ஒரு மாதம் ஓடியும் வந்தார்கள். அப்புறம் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோய், அண்ணாந்து பார்க்கும்போதே மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டார்கள். மறுபடியும் ஆடி அசைந்து வந்தார்கள்.

அவருக்குப் பின்னால் வந்த மாஸ்டர்கள் யாரும் அதைத் தொடவில்லை. உள்ளே அலுவலகத்தில் வண்டிகளுக்கென்று சரியான கடிகாரம் ஒன்று இருந்தது. வெளியே தொங்கியது ஊருக்கானது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, அந்தக் கடிகாரம்தான். ஸ்டேஷன் வாசலில் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடினால், "வெளியூரு" என்பார்கள்.*

* வெளியூர்க்காரர்கள் முன்கூட்டியே வந்து சேர்ந்து, வண்டி தாமதம் என்று எங்கள் ஸ்டேஷனைத் திட்டுவார்கள். பாவம், அது தாமதமே இல்லை.

4

கட்டுரைக்கு விவரம் கேட்க மாஸ்டரிடம் போனேன். முதல் வேலைக்கு உதவியாளராக இந்த ஸ்டேஷனுக்குத்தான் வந்தார். அப்புறம் பல ஊர்கள் சுற்றிவிட்டு, இங்கேயே மாஸ்டராக வந்து ஓய்வுபெற்றார். அவர் மனைவியை ஊரே தையல் டீச்சர் என்று கூப்பிடும். பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவர். இப்போதும் வீட்டில் நாலு பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இவர்கள் கல்யாணம் எங்கள் ஊரின் பிரபலமான காதல் கதை. அம்மா நகரத்து ஆஸ்பத்திரியில் கிடக்க, ரயிலைத் தவறவிட்டுப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுத பெண். அவளுக்கு ஆறுதல் சொன்ன இளைஞர். மறு வருடமே கல்யாணம். "ரயில விட்டா, மாப்பிள்ளையப் பிடிச்சா" என்று கேலி பேசுவார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. அதை வைத்து ஒரு தொடர்கதை எழுதினேன். இரும்புக் கடைக்காரரின் மனைவி பேச்சை நிறுத்தியது அந்தக் கதைக்குத்தான்.

மாஸ்டரும் நானும் ஸ்டேஷன் வாசலில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். சாயங்கால வெயில். மேலே சுவரில் கடிகாரம் இருந்த இடம் வெளுத்த வட்டமாகத் தெரிந்தது. போன வாரம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அந்தக் கடிகாரம் ஒருநாளாவது சரியா ஓடியிருக்கா சார்?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

டீக்கடைக்காரர் டம்ளர் கழுவுவதை நிறுத்தினார்.

"ஓடியிருக்கு," என்றார் மாஸ்டர். "ஒரே ஒரு காலை."

"சார்," என்றார் டீக்கடைக்காரர், தணிந்த குரலில்.

"விடுப்பா. கடிகாரத்தையே கழட்டியாச்சு. இன்னும் எதைக் காப்பாத்தப் போறோம்?"

அப்போது அவர் வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெரிய மாஸ்டர் வெளியூர் போயிருந்தார். முதல்முறையாக ஸ்டேஷன் இவர் பொறுப்பில். விடிந்ததும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். கடிகாரம் பத்து நிமிடம் தப்பாக ஓடுகிறது. ரயில்வேக்கே அவமானம் என்று பட்டது. ஏணியைச் சாத்தி ஏறி, முள்ளைப் பின்னால் தள்ளிச் சரியான மணிக்கு வைத்தார். அப்போதுதான் கடை போட்டிருந்த டீக்கடைக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணே?" என்று அவரிடம் கேட்டேன்.

"சொல்ல வாயெடுத்தேன் தங்கச்சி. அதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிடுச்சு, ஓடிட்டேன். அப்புறம் யாவாரம். மறந்தே போச்சு. ஏணியப் பிடிச்சவன் நான், ஏறினவர் அவரு. இத்தன வருஷமா ரெண்டு பேரும் வாயத் திறக்கல."

"ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கலாமே சார்?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "கடிகாரம் சரியா ஓடுதுன்னு யாராவது அறிவிப்பு ஒட்டுவாங்களாம்மா?"

5

இனி அந்தக் காலையை எழுத வேண்டும். அந்தப் பெண்ணின் பக்கமிருந்து.

(முதலில் வேறு மாதிரி எழுதினேன். வண்டியில் ஒரு காதலன் காத்திருந்தான். கதவருகே நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டைக்கு நிறம்கூடக் கொடுத்துவிட்டேன். பழக்கதோஷம். வண்டியில் யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா இருந்தாள், அவ்வளவுதான்.)

அவள் வீடு ஸ்டேஷனுக்கு எதிரே. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கடிகாரம் தெரியும்; வீட்டில் வேறு கடிகாரம் கிடையாது. அம்மாவுக்கு நகரத்தில் பெரிய ஆபரேஷன். அண்ணன் கூட இருந்தான். முந்தின நாள் மளிகைக் கடைக்கு ஃபோன் செய்து சொல்லியிருந்தான்: "அம்மா உன்னப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். மத்தியானம் உள்ள கொண்டு போயிடுவாங்க. காலை வண்டியில கண்டிப்பா வந்துடு." அந்தக் காலத்தில் நகரத்துக்குப் பேருந்து இல்லை. அந்த வண்டியை விட்டால் மறுநாள்தான்.

அவள் விடியுமுன்பே குளித்துத் தயாராகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ள அம்மாவுக்கு முன்பக்கம் திறக்கிற மாதிரி ஒரு தொளதொள அங்கி தைத்திருந்தாள். வலிக்கிற உடம்பில் தலைவழியாகத் துணி மாட்டக்கூடாது என்று அவளாக யோசித்துத் தைத்தது. பொத்தான்கள் மட்டும் பாக்கி. பையில் அங்கியை மடித்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தைக் கழித்தாள். நேரம் இருந்தது. எதற்குப் பொத்தான் இல்லாமல் எடுத்துப் போக வேண்டும்? அங்கியை வெளியே எடுத்து, ஊசியில் நூல் கோத்து, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

நிதானமாகத்தான் தைத்தாள். அவசரத்தில் தைத்த பொத்தான் நாலு நாளில் பிய்ந்து வரும். கடைசிப் பொத்தானுக்கு முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தபோது வண்டியின் ஊதல் கேட்டது. வருகிற ஊதல் என்று நினைத்தாள். புறப்படுகிற ஊதல்.

(இந்த இடத்தில் நான் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டேன். அவளை ஓடவிட மனம் வரவில்லை. நான் எழுதாமல் இருந்தால் வண்டி அங்கேயே நிற்கும் என்பது போல ஒரு மூடநம்பிக்கை.)

ஓடினாள். பிளாட்பாரத்தின் கடைசி வரை வண்டியின் பின்னால் ஓடி, அங்கிருந்த சிமெண்டுப் பெஞ்சில் விழுந்து, அங்கியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "நேரம் இருந்துச்சே, நேரம் இருந்துச்சே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மாஸ்டருக்கு (அன்று அவர் மாஸ்டர் இல்லை, இருபத்து சொச்சம் வயதுப் பையன்) ஒன்றும் புரியவில்லை. டீக்கடைக்காரர்தான் அவரை ஓரமாக இழுத்துப் போய்ப் பத்து நிமிடக் கணக்கைச் சொன்னார்: சரியான மணியிலிருந்தும் அவள் பத்தைக் கழித்திருக்கிறாள். மாஸ்டர் ஏணியைத் திரும்பிப் பார்த்தார். வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட இல்லை. வீட்டில் அவர் சம்பளத்தை எதிர்பார்த்து ஆறு பேர். யாரைக் கேட்டுக் கடிகாரத்தைத் தொட்டாய் என்று ஒரு கேள்வி வந்தால் போதும்.

அந்தப் பெண் பிளாட்பாரத்தில் அழுதுகொண்டிருக்க, அவர் வாசல் பக்கம் போய் மறுபடியும் ஏணியில் ஏறி, முள்ளைப் பழையபடி முன்னால் தள்ளினார். இதுவரை நடந்தது தவறு. இதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் இந்தக் கதை சுமக்கிறது.

அவளைத் தண்ணீர் கொடுத்து எழுப்பி, மெல்ல வாசலுக்குக் கூட்டி வந்தார்.

"நான் பாத்தப்ப நேரம் இருந்துச்சு சார். சத்தியமா இருந்துச்சு."

"பதட்டத்துல தப்பாப் பாத்திருப்பீங்கம்மா. வண்டி நேரத்துக்குத்தான் போச்சு. அதோ, நீங்களே பாருங்க."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கடிகாரம் எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது. கழித்தாள். கணக்கு மிகச் சரியாக வந்தது. தன் கண்ணை விட்டுவிட்டுக் கடிகாரத்தை நம்பினாள்.

6

மறுநாள் வண்டியில் போனாள். முந்தின நாள் மத்தியானம் உள்ளே கொண்டுபோன அம்மா வெளியே வரும்போது உயிரோடு இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் நின்றிருந்தான். "வந்துட்டியா? சீவிச் சிங்காரிச்சு முடிச்சு இப்பத்தான் பொழுது விடிஞ்சுதா உனக்கு?" என்றான். "கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தாங்க." அதற்கப்புறம் அவன் அவளோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. எந்த நல்லது கெட்டதுக்கும் இல்லை.

இந்த மாஸ்டர் என்ற பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். உண்மையான மனிதரைச் சந்தேகிப்பதைவிடப் பாத்திரத்தைச் சந்தேகிப்பது சுலபம், அதனால் அப்படிச் சொல்கிறேன். அவர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டது அன்பினாலா, பயத்தினாலா? அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் கடனைத் தவணை முறையில் கட்டிவிடலாம் என்று நினைத்தாரா? பிரசவத்துக்கு அவளைத் தனியாக விடாமல் விடுப்புப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஒருநாளும் தண்ணீர்க் குடம் தூக்கியதில்லை. ஊரே கண்ணு வைத்த புருஷன். என் தொடர்கதையில் இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதியது எதுவும் பொய் இல்லை. அடியில் என்ன இருந்தது என்றுதான் தெரியாது.

டீக்கடை பெஞ்சில் அவரிடமே கேட்டேன்.

"தெரியலம்மா," என்றார். "ஆரம்பத்துல பயம்தான். நடுவுல எங்கயோ அது மாறிடுச்சு. எங்கன்னு பாத்து வச்சுக்கல."

அப்புறம் அவர் கேட்டார்: "இதை நீங்க எழுதிடுறீங்களா? எங்க பேர் வேண்டாம். அவ நீங்க எழுதுறதுல ஒரு வரி விடமாட்டா. படிச்சுத் தானாப் புரிஞ்சுக்கட்டும்."

"அவங்க படிக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "கடைத்தெருவுக்குப் போயிடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

7

டீச்சரைப் பார்க்கப் போனேன். பார்த்தால் இவரைக் கதையில் நியாயமாக எழுதலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். முன்னறையில் உட்கார்ந்து, ஒரு பெண்ணின் சட்டைத் துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

டீச்சரிடம் தையல் படித்தவர்களுக்கு ஒரு விசித்திரம் தெரியும். துணியை வெட்டியதும், துண்டுகளை இணைக்கும் முன்பே, பொத்தான்களைத் தைத்துவிடச் சொல்வார். உலகத்தில் எந்தத் தையல் ஆசிரியையும் அப்படிச் சொல்ல மாட்டார். பிள்ளைகள் பின்னால் சிரிக்கும். வெளியூரில் தைக்கப் போனால் திட்டு வாங்கும்.

"வாம்மா எழுத்தாளர். என் கதைய வித்துத் தின்னது போதாதுன்னு இன்னும் என்ன?" என்றார் டீச்சர்.

"ஸ்டேஷன் சரித்திரம் எழுதுறேன் டீச்சர்."

"அதுக்கு ஏன் எங்கிட்ட வர்ற? நான் ரயில விட்டவ. பிடிச்சவங்ககிட்டப் போய்க் கேளு."

பேச்சுக்கு நடுவே சுவரைப் பார்த்தேன். வீட்டுக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன்.

"நான்தான் அப்படி வச்சிருக்கேன். கல்யாணமான நாள்ல இருந்து. ஆனா நான் கழிக்கறதில்ல. அதுல என்ன காட்டுதோ அதான் எனக்கு மணி. ஸ்கூல்ல கேட் திறக்குமுன்ன போய் நிப்பேன். வாட்ச்மேன் என்னத் திட்டுவான், 'உங்களால எனக்குத் தூக்கம் போச்சு'ன்னு." சிரித்தார். "எங்க வீட்டுக்காரர் ரயில்வேக்காரர், அவருக்கு இது எப்படி இருக்கும் சொல்லு? ஆனா ஒருநாள்கூட ஏன்னு கேட்டதில்ல. அதத் தொட்டது கூட இல்ல. நல்ல மனுஷன்."

வாசற்படி ஓரம் ஒரு துணிப்பை நிரம்பி நின்றது. எங்கே பயணம் என்று கேட்டேன்.

"அண்ணன் படுத்த படுக்கையா இருக்காராம். இன்னைக்கோ நாளைக்கோன்னு அண்ணி ஃபோன் பண்ணாங்க. தினம் காலையில பையத் தூக்குறேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போறேன். திரும்பி வந்துடுறேன்." பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "போய் என்னன்னு சொல்றது? பொத்தான் தைச்சுட்டு இருந்தேன் அண்ணான்னா? அதத்தான் அன்னைக்கே சொன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. இப்பவும் திருப்பிக்கிட்டா, அதுக்கப்புறம் திரும்பவே மாட்டாரு இல்ல?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அது என் வாயால் வரவேண்டிய வாக்கியமா? இன்றைக்கும் எனக்கு

(முடிக்கத் தெரியவில்லை.)

கிளம்பும்போது டீச்சர் சொன்னார்: "அன்னைக்கு வேற யாராவது இருந்தா 'லேட்டா வந்துட்டு என்னம்மா அழுகை'ன்னு எரிஞ்சு விழுந்திருப்பாங்க. இவர் எவ்வளவு தன்மையாச் சொன்னாரு தெரியுமா? 'பதட்டத்துல தப்பாப் பாத்திருப்பீங்க'ன்னு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவரக் கட்டிக்கணும்னு தோணுச்சு."

8

வீட்டுக்கு வந்து முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. டீச்சர் மலரைப் படிக்கிறார், அழுகிறார், கணவரின் கையைப் பிடித்துக்கொள்கிறார். (என் வாசகிகளுக்குப் பிடிக்கும். ஆனால் அவர் வாழ்நாளைத் தின்ற ஒன்றை, ஒரு பத்தியில் அவரை மன்னிக்க வைக்க நான் யார்?)

முடிவு இரண்டு. டீச்சர் பையை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போகிறார். அண்ணனிடம் எல்லாம் சொல்கிறார். அண்ணனுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. (எழுதிய காகிதத்தைக் கிழித்தேன். துக்கம் எழுதுவது வேறு, குரூரம் வேறு.)

முடிவு மூன்று. டீச்சருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்தேதான் கல்யாணம் செய்துகொண்டார். (இதை எழுதிவிட்டு மனம் லேசாகிப் பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது உறைத்தது. தெரிந்திருந்தால் எதற்காகப் பொத்தானை முதலில் தைக்கச் சொல்கிறார்? எதற்காகப் பையைத் தூக்கிக்கொண்டு பாதி வழி போய்த் திரும்புகிறார்? அவருக்குத் தெரியாது. இந்த முடிவு எனக்காக நான் தைத்துக்கொண்ட சட்டை.)

9

கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். உள் அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் முன்னறையில் தனியாக இருந்தார்.

"எழுதிட்டீங்களா?" என்று உதட்டசைவில் கேட்டார்.

"எழுதிட்டேன் சார். ஆனா மலர் அச்சாகி வர்ற வரைக்கும் அவங்க அண்ணன் இருப்பாரான்னு எனக்குத் தெரியாது."

அவர் பிரதியை வாங்கவில்லை. வாசற்படி ஓரத்துப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ என்ன விட்டுட்டுப் போயிடுவாளா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

"உங்க கதையில யாரும் யாரையும் விட்டுட்டுப் போறதில்லையே."

"அது கதை சார்."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு எழுந்து, மூலையிலிருந்த ஸ்டூலைத் தூக்கி வந்து சுவரோரம் போட்டார். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, அதன் மேல் ஏறினார். நான் பிடிக்கப் போவதற்குள் மெஷின் சத்தம் நின்றது. டீச்சர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"என்ன பண்றீங்க? இந்த வயசுல ஸ்டூல் மேல! இறங்குங்க மொதல்ல!"

"மணி தப்பா இருக்கு."

"இத்தன வருஷமா தப்பாத்தான் இருக்கு. இன்னைக்குத்தான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியாம்மா கூத்த? ரிடையர் ஆனப்புறம் டூட்டி பாக்குறாரு." சொல்லிக்கொண்டே இரண்டு கைகளாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

மாஸ்டர் கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்தார். விரல் முள்ளின் மேல் போய் நின்றது.

"நான் கடிகாரத்தையே தொடுறதில்லன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன? ஒரு பேட்டரி மாத்தணும்னாகூடப் பக்கத்து வீட்டுக்காரரத்தான் கூப்பிடணும். ஏன்னு கேட்டா ஊமையாயிடுவீங்க."

"இப்ப சொல்றேன்," என்றார் மாஸ்டர்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

10

இரும்புக் கடைக்காரருக்கு வேறு கட்டுரை கொடுத்தேன். தாகத்தில் தொடங்கி டீசலில் முடிவது. கடிகாரத்துக்கு அதில் ஒரே வரி. படித்துவிட்டு, "என்னம்மா, சப்புன்னு இருக்கு?" என்றார். நீங்கள் கேட்டது சரித்திரம்தானே என்றேன்.

மறுநாள் காலை நகரத்துப் பேருந்தில் யார் ஏறினார்கள், ஒருவர் ஏறினாரா, இரண்டு பேரா, அல்லது பை மறுபடியும் பாதி வழியில் திரும்பி வந்ததா என்பதெல்லாம் டீக்கடைக்காரருக்குத் தெரியும். பேருந்து அவர் கடை வழியாகத்தான் போகிறது. நான் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போவதை நிறுத்திவிட்டேன். போனால் சொல்லிவிடுவார். சொன்னால் எழுதிவிடுவேன். அவர்கள் கதையை ஒருமுறை நான் முடித்து வைத்தது போதும்.

அன்று அவர்கள் வீட்டிலிருந்து வரும் வழியில் ஸ்டேஷனைத் தாண்டித்தான் வந்தேன். ஜன்னல்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் அந்த வெளுத்த வட்டம். பழக்கத்தில் அண்ணாந்து பார்த்து, அதில் ஒன்றுமே இல்லாதபோதும், பத்தைக் கழித்தேன்.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள், கதவு சாத்தவில்லை. ஆனால் போனால் சும்மா நிற்காதீர்கள். டீச்சர் இந்நேரம் கையை எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். எதற்கும் அந்த ஸ்டூலை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவர் இன்னும் இறங்கவில்லை.